எல்லா மதத்துக்கும் ஒரே மார்க்

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சம்பளம் கிடையாது.

ஒரு தாளில் ஏழு மதங்களின் பெயர் இருக்கிறது. பௌத்தம், இந்து, யூதம், கன்ஃபூஷியம், கிறிஸ்துவம், தாவோ, இஸ்லாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் நம்பர் போடவேண்டும். இந்த மதத்தைத் தழுவிய நாட்டுக்கு வருமானம் எவ்வளவு கூடும், படிப்பு எவ்வளவு வளரும், படைக்கு எவ்வளவு பலம், மக்களுக்கு எவ்வளவு சந்தோஷம்... எல்லாவற்றுக்கும் நம்பர். போட்டு முடித்ததும் அந்தத் தாளை உலகம் பூராவும் லட்சக்கணக்கான பேர் பார்ப்பார்கள். ஏழு மதத்துக்காரர்களும் அதில் உண்டு.

பேனாவை எடுக்கிறீர்களா?

விவரமானவர் என்றால் மாட்டீர்கள். ஆனால் எடுத்தே ஆகவேண்டிய தொழில் சிலருக்கு இருக்கிறது. கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிறவர்கள்.

'சிவிலைசேஷன்' என்ற ஆட்டத்தை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடிப் பார்த்திருப்பீர்கள். 1991ல் சிட் மெயர் என்பவரின் பெயரோடு வந்தது. சுட்டுத்தள்ளும் சமாச்சாரம் இல்லை. செஸ் மாதிரி நீங்கள் ஒரு முறை, எதிராளி ஒரு முறை. கி.மு. 4000ல் கையில் ஒரு சின்னக் கூட்டத்தோடு தொடங்குகிறீர்கள். ஊர் அமைத்து, வயல் போட்டு, எழுத்தையும் சக்கரத்தையும் கண்டுபிடித்து, பக்கத்து நாட்டோடு வியாபாரமோ யுத்தமோ செய்து, கடைசியில் ராக்கெட் விடும் வரை போகலாம். 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று சொல்லிக்கொண்டே விடியற்காலை ஆகிவிடும். அப்பேர்ப்பட்ட ஆட்டம்.

முதல் மூன்று பதிப்புகளில் கோயில் இருந்தது, கதீட்ரல் இருந்தது. உள்ளே இருக்கும் சாமி யார் என்று யாரும் கேட்கவில்லை. 2005ல் வந்த நான்காம் பதிப்பில்தான் மதங்கள் பெயரோடு வந்தன. நான் மேலே சொன்ன அதே ஏழு. ஸோரன் ஜான்ஸன் என்பவர் தலைமை வடிவமைப்பாளர்.

விதி இதுதான். தியானத்தை எந்த நாடு முதலில் கண்டுபிடிக்கிறதோ அங்கே பௌத்தம் பிறக்கும். பல தெய்வ வழிபாட்டை முதலில் எட்டிய நாட்டில் இந்து மதம். கடவுள் ஒருவரே என்ற கருத்தில் யூதம். சட்டத் தொகுப்பில் கன்ஃபூஷியம், இறையியலில் கிறிஸ்துவம், தத்துவத்தில் தாவோ, ராஜாவின் தெய்வீக உரிமையில் இஸ்லாம். ஆகவே இந்து மதம் ஜெர்மனியில் பிறக்கலாம். மெக்ஸிகோவின் ஆஸ்டெக்குகள் கன்ஃபூஷியஸின் சீடர்கள் ஆகலாம்.

சரி, நம்பர்? அங்கேதான் அவர்கள் சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்தார்கள். ஏழு மதத்துக்கும் ஒரே மார்க் போட்டுவிட்டார்கள்! எந்த மதத்தின் கோயில் கட்டினாலும் மக்களுக்கு அதே ஒரு பாயின்ட் சந்தோஷம். எந்த மதத்தின் மடாலயம் என்றாலும் ஆராய்ச்சிக்கு அதே பத்து சதவிகிதம். புனித நகரத்தில் தலம் எழுப்பினால், அந்த மதம் பரவிய ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொன் வருமானம். இதுவும் ஏழுக்கும் பொது. பெயரும் சின்னமும்தான் வேறு.

ஆட்டத்தோடு வந்த கையேட்டில் காரணமும் சொல்லியிருந்தார்கள். மனித வரலாற்றில் மதத்துக்கு உள்ள இடத்தை நினைத்தால் அதை விட்டுவிட முடியவில்லை. யாரையும் புண்படுத்தும் எண்ணமும் இல்லை. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே பலன்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 'எம்மதமும் சம்மதம்' என்று காலண்டரில் போடுகிறோமே, அதை கம்ப்யூட்டர் புரோகிராமாக எழுதினால் இப்படித்தான் வரும்.

ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் முளைத்தன. இரண்டுமே விளையாட்டை விடப் பெரியவை.

* * *

முதல் சிக்கல். ஏழும் ஒன்றே என்றால் சண்டை எதற்கு?

இந்த ஆட்டத்தில் ராஜாக்களுக்கு மத அபிமானம் உண்டு. உங்கள் மதமும் அவர் மதமும் ஒன்றானால் உறவு வளரும். வேறானால் முகம் சுளிப்பார், நாளடைவில் படையெடுத்து வருவார். ஸ்பெயின் ராணி இஸபெல்லா இதில் பேர் போனவர். அவர் மதத்தில் சேர்ந்தால் ஆருயிர்த் தோழி. சேராவிட்டால் எல்லையில் குதிரைகள் நிற்கும். (நிஜ இஸபெல்லாவும் கணவர் ஃபெர்டினாண்டும் 1492ல் ஸ்பெயினிலிருந்து யூதர்களை வெளியேற்றிய உத்தரவில் கையெழுத்திட்டவர்கள்.)

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த ஆட்டத்துக்குள் இருக்கும் ஏழு மதங்களுக்கும் கொள்கை கிடையாது. வேதம் கிடையாது. சொர்க்கம், நரகம், நோன்பு, விரதம் எதுவும் கிடையாது. உள்ளே திறந்து பார்த்தால் ஏழும் ஒரே பெட்டி, மேலே லேபிள் மட்டும் வேறு. ஆனாலும் அந்த லேபிளுக்காக ஊர்கள் எரிகின்றன.

வடிவமைத்தவர்கள் இதை நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, அவர்கள் கையால் ஒரு பெரிய உண்மை வெளியே வந்துவிட்டது. வெறுக்க வித்தியாசம் தேவையில்லை. பெயர் போதும்.

ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியல் அறிஞர் 1970ஐ ஒட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார். பிறகு 'நீ க்ளே கோஷ்டி, நீ காண்டின்ஸ்கி கோஷ்டி' என்று பிரித்தார். உண்மையில் சீட்டுக் குலுக்கிப் போட்ட பிரிவினை அது. பையன்களுக்குத் தெரியாது. பிறகு, முகம் தெரியாத இரண்டு பேருக்குச் சின்னத் தொகை பங்கிடச் சொன்னார். அவர்கள் எந்த கோஷ்டி என்பது மட்டும் தெரியும்.

பையன்கள் தங்கள் கோஷ்டிக்கு அதிகம் கொடுத்தார்கள். அது கூடப் பரவாயில்லை. தன் கோஷ்டிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரி, எதிர் கோஷ்டியை விட இடைவெளி பெரிதாக இருந்தால் போதும் என்றும் பங்கிட்டார்கள்! அரை மணி நேரத்துக்கு முன் வரை க்ளேயை யாரென்றே அறியாத பிள்ளைகள்.

டாஜ்ஃபெல் போலந்து யூதர். இரண்டாம் உலகப் போரில் ஃபிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் கைதியாகச் சிக்கி உயிர் பிழைத்தவர். திரும்பி வந்தபோது அவருடைய குடும்பம் இல்லை. 'கோஷ்டி' என்ற சொல்லை அவர் ஏன் வாழ்நாள் பூரா ஆராய்ந்தார் என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே, 'எல்லாம் ஒன்றுதானே, ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்' என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை. ஒன்றாக இருந்தாலும் அடித்துக்கொள்வோம்.

* * *

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. ஆடுகிறவர்களுக்குப் போரடித்தது.

'என்ன சார் இது, பௌத்தமும் இஸ்லாமும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது, உப்புச்சப்பில்லை' என்றார்கள். சொன்னதோடு நிற்கவில்லை. தாங்களே மாற்றினார்கள்.

'மாட்' என்பார்கள். வாங்கிய ஆட்டத்தின் விதிகளை ஆடுகிறவரே மாற்றி எழுதிக்கொள்வது. சிவிலைசேஷனின் நான்காம் பதிப்பு இதற்காகவே கதவைத் திறந்து வைத்திருந்தது. ஒரு மதத்தின் பலன் என்ன என்பது சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதியிருக்கும். நோட்பேடில் திறந்து, ஒன்று இருக்கும் இடத்தில் மூன்று என்று போட்டு, சேவ் செய்தால் தீர்ந்தது. 2006ல் ஆட்டத்தின் உள் இயந்திரத்தையே மாற்றும் கருவிகளையும் வெளியிட்டார்கள். காலேஜ் மாணவர், வங்கி குமாஸ்தா, யார் வேண்டுமானாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து ஏழு மதங்களுக்கும் மார்க் போடலாம் என்று ஆகிவிட்டது.

போட்டுப் பாருங்கள், உங்கள் கை எங்கே போகிறது என்று. பௌத்தமா? அமைதி, தியானம், படிப்புக்கு இரண்டு கூட்டு. இஸ்லாமா? குதிரைப்படைக்கு இரண்டு. யூதமா? பணத்துக்கு. கிறிஸ்துவத்துக்கு மிஷனரி. இந்துவுக்கு... சரி, சகிப்புத்தன்மை.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது? சரித்திரத்திலிருந்து என்பீர்கள். இல்லை. நம் தலைக்குள் யாரோ ஒட்டிவிட்டுப் போன போஸ்டரிலிருந்து வந்தது.

பௌத்தம் அமைதி என்றால், ஜப்பானின் ஹியெய் மலையில் ஆயுதம் ஏந்திய துறவிகள் நூற்றாண்டுகளாக இருந்தார்கள். அவர்கள் தொல்லை தாங்காமல் ஓடா நொபுனாகா 1571ல் அந்த மலை மடாலயத்தையே எரித்தார். இஸ்லாம் குதிரைப்படை என்றால், கிரேக்கத் தத்துவமும் மருத்துவமும் அரபியில் பெயர்க்கப்பட்டுப் பிழைத்தது அப்பாஸிய கலீஃபாக்களின் பாக்தாதில். 'அல்ஜீப்ரா' என்ற சொல்லே அங்கே அல்-குவாரிஸ்மி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலிருந்து வந்தது. யூதருக்குப் பணம் என்றால், இடைக்கால ஐரோப்பாவின் பல இடங்களில் அவர்கள் நிலம் வாங்கக்கூடாது, கைத்தொழில் சங்கங்களில் சேரக்கூடாது என்று தடுத்துவிட்டு வட்டித் தொழிலை மட்டும் விட்டுவைத்தது யார்? கிறிஸ்துவத்துக்கு ஒரு நம்பர் போடுங்கள் பார்க்கலாம். 1099ல் ஜெருசலேமில் வெட்டிக் குவித்த சிலுவைப் போராளிகளுக்கான நம்பரா, எந்தப் போரிலும் துப்பாக்கி தொடமாட்டோம் என்று ஜெயிலுக்குப் போன குவேக்கர்களுக்கான நம்பரா? இரண்டு பேர் கையிலும் ஒரே பைபிள்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். சைவரான ராஜராஜ சோழன், ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே விட்டுக்கொடுத்தார். செப்பேடு இருக்கிறது. அவர் மகன் ராஜேந்திரன் 1025ல் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பற்படையை அனுப்பினார். அப்பாவும் பிள்ளையும் ஒரே சிவபக்தி. எந்த நம்பர் போடுவீர்கள்? சகிப்புத்தன்மைக்கு இரண்டா, கடற்படைக்கு இரண்டா?

ஆயிரம் இரண்டாயிரம் வருஷம் வாழ்ந்த ஒரு மதம் எல்லாமாகவும் இருந்திருக்கிறது. அதற்கு ஒரு குணம் என்று எழுதும்போது நாம் அதன் ஜாதகத்தை எழுதவில்லை. நம்முடைய ஜாதகத்தைத்தான் எழுதுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே நான்காம் பதிப்பை வைத்து ரசிகர்கள் செய்த புகழ்பெற்ற மாட் 'ஃபால் ஃப்ரம் ஹெவன்'. அதில் நிஜ மதங்களே இல்லை. எல்லாம் கற்பனை. அங்கே மதங்கள் ஒன்றுக்கொன்று துளியும் ஒட்டாமல் வேறு வேறாக இருக்கும். ஒன்று காட்டை வளர்க்கும், ஒன்று மலையைத் தோண்டும், ஒன்று கடலுக்கடியில் இருக்கும் எதையோ கும்பிடும். 'ஆஷென் வெயில்' என்ற மதத்தைத் தழுவினால் உங்கள் ராஜா பட்டவர்த்தனமாகத் 'தீயவர்' ஆகிவிடுவார். யாரும் புண்படவில்லை. புண்பட பக்தர்கள் இல்லையே! ஒரு மதத்தை முழுசாக விமர்சிக்கும் சுதந்திரம், அதில் ஆளே இல்லாதபோதுதான் கிடைக்கிறது.

* * *

போஸ்டரை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, நேர்மையாக பேலன்ஸ் செய்ய உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வேறொன்று தெரிய வந்தது. ஏழும் அச்சாக ஒன்றாக இருந்தபோதே அவை சமமாக இல்லை!

காரணம் நேரம். பௌத்தமும் இந்து மதமும் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே பிறந்துவிடும். உலகம் காலியாக இருக்கும். ஊர் ஊராகப் பரவும், பரவிய ஊருக்கு ஒரு பொன் வரும், அந்தப் பொன்னில் இன்னும் பிரசாரகர்களை அனுப்பலாம். இஸ்லாம் கடைசியில் வரும். வரும்போது பந்தியில் இலை எல்லாம் நிறைந்திருக்கும். விதியில் ஓரவஞ்சனை ஒரு துளி இல்லை, விளைவில் உண்டு.

கேரம் போர்டில் புதிதாக ஆட வருகிறவருக்குச் சில பாயின்ட் விட்டுக்கொடுத்துத் தொடங்குவோமே, அந்த மாதிரி பின்னால் வரும் மதத்துக்குக் கூடுதல் பலன் தரலாம். தந்தால், 'அதென்ன அதற்கு மட்டும் சலுகை' என்று ஒரு குரல் வரும். தராவிட்டால், 'சமம் என்கிறீர்கள், எங்கே சமம்?' என்று இன்னொரு குரல். இந்த இரண்டு குரலையும் நீங்கள் வேறு இடங்களில் கேட்டிருப்பீர்கள். நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

ஐந்தாம் பதிப்புக்கு 2012ல் வந்த 'காட்ஸ் அண்ட் கிங்ஸ்' என்ற சேர்க்கையில் வேறு வழி பார்த்தார்கள். மதத்தின் பெயரையும் அதன் நம்பிக்கைகளையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். பெயர், சின்னம் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கைகளை ஒரு பட்டியலிலிருந்து பொறுக்கிக்கொள்ளுங்கள், சரவணபவனில் மெனு கார்டைப் பார்த்துச் சொல்வது மாதிரி. ஒருவர் எடுத்த நம்பிக்கையை இன்னொருவர் எடுக்க முடியாது. கிறிஸ்துவம் என்று பெயர் வைத்து பகோடா கட்டலாம். 2020ல் வந்த 'க்ரூசேடர் கிங்ஸ்' மூன்றாம் பதிப்பில் ராஜா தானே புது மதம் தொடங்கலாம். அதற்கு விலை உண்டு. சேர்த்துவைத்த பக்திப் பாயின்ட்டுகளைச் செலவழிக்க வேண்டும். பக்தியைச் செலவு செய்து மதம் வாங்குவது! கொஞ்சம் சிரிப்பு வந்தாலும், சரித்திரத்தில் சில ராஜாக்களின் ஞாபகமும் வருகிறது.

இந்த ஐந்தாம் பதிப்பை எடுத்துப் பல வருஷம் பல பேர் சேர்ந்து செதுக்கிய மாட் 'வோக்ஸ் பாப்புலி'. லத்தீனில் 'மக்கள் குரல்'. மத நம்பிக்கைகளின் பலன்களை அதில் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். பேலன்ஸ் செய்கிறவர்களின் முறையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். எல்லாரும் ஓடிவந்து எடுக்கும் நம்பிக்கை இருந்தால் அதன் பலனைக் குறை. யாருமே சீண்டாதது இருந்தால் கூட்டு. பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆடிப் பார். மறுபடி திருத்து.

எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆடிப் பார் என்பதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

சமம் என்றால் என்ன?

ஒன்றே என்று சொல்லிவிடுவது ஒரு வழி. ஜெர்மானிய நாடக ஆசிரியர் லெஸ்ஸிங் 1779ல் எழுதிய 'நாதான் என்ற ஞானி'யில் ஒரு மோதிரக் கதை வருகிறது. சுல்தான் சலாவுதீன், நாதான் என்ற யூதரைக் கூப்பிட்டு, மூன்று மதத்தில் எது உண்மை என்று மடக்குகிறார். நாதான் கதை சொல்கிறார். ஒரு வம்சத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் மோதிரம். போட்டுக்கொண்டவரைக் கடவுளும் மனிதரும் நேசிப்பார்கள். ஒரு தகப்பனுக்கு மூன்று பிள்ளைகள், மூவர் மேலும் ஒரே பிரியம். அசலைப் போலவே இரண்டு செய்யச் சொல்லி ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எது அசல் என்று தகப்பனுக்கே தெரியவில்லை. வழக்கு நீதிபதியிடம் வந்தது. அவரவர் மோதிரமே அசல் என்று அவரவர் நம்புங்கள், அதை நடத்தையில் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அழகான தீர்ப்பு. ஆனால் கவனித்தீர்களா, 'மூன்றும் ஒன்று' என்று நீதிபதி சொல்லவில்லை. உன்னுடையது அசல் என்று நீ நம்பு என்கிறார். சிவிலைசேஷன் நான்கின் ஒரே மார்க் முறை இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. நம்புகிறவருக்கு எல்லாம் ஒன்றல்ல. ஒன்றாக இருந்தால் அவர் ஏன் வெள்ளிக்கிழமை தொழவேண்டும், ஏன் கார்த்திகை முழுக்க மாலை போட்டு வெறும் காலோடு நடக்கவேண்டும்? 'உங்கள் மதமும் அவர்கள் மதமும் ஒண்ணுதாங்க' என்று ஒரு பக்தரிடம் சொல்லும்போது மரியாதை செய்வதாக நினைக்கிறோம். அவர் காதில், 'உங்கள் மதத்தில் எதுவும் விசேஷமாக இல்லைங்க' என்று விழ வாய்ப்புண்டு.

சரி, வித்தியாசத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கொரு மார்க் போடலாமா? அப்புறம் போஸ்டர்தான். மார்க் போடுகிறவர் எப்போதும் ஏதோ ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாவது வழியை ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1971ல் நீதி பற்றி எழுதிய தடிமனான புத்தகத்தில் சொன்னார். இளமையில் பாதிரியார் ஆக நினைத்தவர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களத்தில் சிப்பாயாக இருந்தவர், அதன்பின் நம்பிக்கையை இழந்தவர். அவர் யோசனை: சமூகத்தின் விதிகளை எழுத உட்காரும்போது கண்ணுக்கு முன் ஒரு திரை போட்டுக்கொள். திரைக்கு அந்தப் பக்கம் நீ ஏழையா பணக்காரனா, எந்த மதம், எந்த ஜாதி, மெஜாரிட்டியா மைனாரிட்டியா... எதுவும் உனக்குத் தெரியாது. விதியை எழுதி முடித்த பிறகுதான் உன் இடம் தெரியும். அப்போது எந்த விதி எழுதுவாய்? மத விஷயத்தில், யாருடைய மனசாட்சிக்கும் சம சுதந்திரம் என்றுதான் எழுதுவாய் என்கிறார். நீ எந்தப் பக்கம் விழுவாய் என்று தெரியாதபோது, எந்தப் பக்கத்தையும் நசுக்கத் துணிய மாட்டாய்.

வீட்டில் இதற்குச் சுலபமான உதாரணம் உண்டு. ஒரு மைசூர்பாகை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிட அம்மா செய்யும் தந்திரம். ஒருத்தன் வெட்டட்டும், மற்றவன் முதலில் எடுக்கட்டும். வெட்டுகிறவன் ஸ்கேல் வைத்து வெட்டுவான்.

இப்போது அந்த மாட் செய்கிறவரைப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு நோட்பேடைத் திறந்தவர், ரால்ஸைப் படித்திருக்க அவசியமில்லை. ஆனால் ஆட்டம் அவரை அதே இடத்துக்குத்தான் கொண்டுவருகிறது. தான் எழுதிய விதியை ஏழு நாற்காலியிலும் உட்கார்ந்து ஆடிப் பார்த்தால்தான் அது தேறும். இந்து நாற்காலியிலிருந்து எழுதிய விதி, இஸ்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததும் உறுத்தும். கன்ஃபூஷிய நாற்காலியில் வேறு இடத்தில் உறுத்தும். உறுத்துகிற இடத்தைத் திருத்தித் திருத்தி, எந்த நாற்காலி கிடைத்தாலும் 'சரி, ஆடலாம்' என்று சொல்லும் நிலைக்கு வந்தால் அதுதான் பேலன்ஸ். அங்கே மதங்கள் ஒன்றுபோல இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. எத்தனை வித்தியாசமாகவும் இருக்கலாம். உட்காரப் பயப்படும் நாற்காலி ஒன்றுகூட இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

* * *

'கேம் வேற, வாழ்க்கை வேற' என்பீர்கள். வாஸ்தவம். வாழ்க்கையில் ஸேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது.

ஆனால் விதி எழுதும் வேலை நிஜத்திலும் நடந்துகொண்டுதான் இருந்தது. ஃபிரான்ஸில் நான்காம் ஹென்றி புராட்டஸ்டன்டாக வளர்ந்தவர். 1593ல் கத்தோலிக்கராக மாறி நாட்டைப் பிடித்தார், 1598ல் நான்ட் நகரில் ஓர் ஆணை பிறப்பித்தார். புராட்டஸ்டன்டுகள் குறிப்பிட்ட இடங்களில் வழிபடலாம், பதவி வகிக்கலாம். பாரிஸ் நகருக்குள் மட்டும் வழிபாடு கூடாது. அரைகுறை பேலன்ஸ்தான். என்றாலும் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்த மனிதர் எழுதிய விதி அது. எண்பத்தேழு வருஷம் தாங்கியது. 1685ல் பேரன் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். அவர் உட்கார்ந்த நாற்காலி ஒன்றுதான். லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள்.

அதே காலத்தில் இங்கே? 1564ல் அக்பர் முஸ்லிம் அல்லாதவர் மேலிருந்த ஜிஸியா வரியை நீக்கினார். 1679ல் கொள்ளுப்பேரன் ஔரங்கஸீப் திரும்பப் போட்டார். அங்கே பேரன், இங்கே கொள்ளுப்பேரன். ராஜாவின் நல்ல மனசால் வந்த சமத்துவம், அடுத்த ராஜாவின் மனசோடு போய்விடும். யார் வந்தாலும் மாற்றத் தயங்கும் விதி வேண்டுமென்றால், அதை எல்லா நாற்காலிக்காரர்களும் சேர்ந்து எழுதியிருக்க வேண்டும். நம் அரசியல் சாசனத்தின் 25வது பிரிவு எல்லாருக்கும் மனசாட்சிச் சுதந்திரம் என்று சொல்வதன் அருமை அதுதான். அதில் எந்த மதத்தின் பெயருக்கும் எதிரே மார்க் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த மாட் எழுதினாலும் ஆட்டத்துக்குள் வருவது மதத்தின் தோல் மட்டும்தான். கோயில் எத்தனை, வருமானம் எத்தனை, எத்தனை ஊர், எத்தனை ஆள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி ஒருவர் முணுமுணுக்கும் பிரார்த்தனைக்கு அங்கே கட்டம் கிடையாது. இருக்கவும் முடியாது. அது ஆட்டத்தின் குறை இல்லை. ஆனால் நாமும் வெளியே வந்து, மதத்தை ஊர்க்கணக்கு, ஆள்கணக்கு, வோட்டுக்கணக்காகவே எண்ணத் தொடங்கினால், அப்போது கம்ப்யூட்டருக்கு உள்ளே இருப்பது யார்?

நான்காம் பதிப்பில் ஒரு சின்ன விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டத்தின் பிற்பகுதியில் 'மதச் சுதந்திரம்' என்ற ஏற்பாட்டை ஒரு நாடு தேர்ந்தெடுக்கலாம். அரசாங்கத்துக்கென்று மதம் கிடையாது. அப்போது ஒரு நகரத்தில் எத்தனை மதங்கள் இருக்கின்றனவோ, மக்களுக்கு அத்தனை பாயின்ட் சந்தோஷம். அதுவரை தொல்லை என்று விரட்டிக்கொண்டிருந்த அதே பிரசாரகர்களை வா வா என்று கூப்பிடுவீர்கள். மதங்கள் மாறவில்லை, மனிதர்கள் மாறவில்லை. விதி ஒன்று மாறியது.

உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தில் அடுத்த மாதம் ஒரு கூட்டம் வரும். மொட்டை மாடியில் எந்தப் பண்டிகை கொண்டாடலாம், ஸ்பீக்கர் எத்தனை மணி வரை, வாடகைக்கு யாரை வைக்கலாம், வாசலில் யார் வீட்டுக் கோலம், யார் வீட்டு நட்சத்திரம். கை தூக்கும் முன் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு இப்படி நினைத்துப் பாருங்கள்: நாளைக் காலை நீங்கள் அதே கட்டடத்தில், ஆனால் வேறொரு ஃப்ளாட்டில், வேறொரு பெயரோடு கண் விழிக்கப் போகிறீர்கள். எந்தப் பெயர் என்று தெரியாது.

இப்போது கையைத் தூக்குங்கள்.